நன்றி சொல்ல ஒரு நல்ல ரெட் ஒயின்

ஒருவருக்கு நன்றியாக ஒயின் பாட்டில் கொடுக்க நினைத்தால், முதலில் அவர் ஒயின் குடிப்பவர்தானா என்று விசாரித்துவிடுங்கள், குடிக்காதவரிடம் நீட்டினால் இருவருக்குமே சங்கடம். குடிப்பவர் என்றால் நான் சொல்வது ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் தயாராகும் ரெட் ஒயின். லேபிளிலேயே பாதி விஷயம் இருக்கிறது: 'ரிசர்வா' என்றால் குறைந்தது 3 வருடம் முதிர்ந்தது, அதில் 1 வருடமாவது ஓக் மரப் பீப்பாயில், 'கிரான் ரிசர்வா' என்றால் 5 வருடம், பீப்பாயில் மட்டும் 2. அதாவது காத்திருக்கும் வேலையைத் தயாரித்தவர்களே பெரும்பாலும் முடித்துவிட்டார்கள், பரிசாகப் பெறுபவர் அன்றைக்கே திறக்கலாம். பின்பக்கம் ரியோஹாவின் முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தாலியின் பரோலோ என்ற ரெட் ஒயினும் அருமையானதுதான், ஆனால் இளசாக இருந்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், பொறுமையாக எடுத்து வைப்பவருக்கே அது சரி. அப்புறம், கடையில் வெயில் படும் இடத்தில் நின்ற பாட்டில் வேண்டாம், கொடுக்கும் நாள்வரை அடுப்படிப் பக்கமும் வைக்காதீர்கள்.