போரில் கொன்று திரும்பியவர் பேசத் தொடங்கினால்

‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்தக்காரப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். அவர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

அவருக்குப் பட்டது எந்தக் காயம் என்று முதலில் பாருங்கள். பட்டாசு வெடித்தால் தரையோடு படுப்பார், கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார் என்றால் அது அச்சத்தின் காயம். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் விடாமல் போராடியதாலும்தான் 1980-ல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் இதை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று மனசாட்சியில் பட்ட காயம். செத்தவரின் சட்டைப்பையைச் சோதிக்கும்போது ஒரு குடும்பப் படம் கைக்கு வரும். அதுவரை எதிரியாக இருந்தவன் அந்தப் படத்தில் அப்பாவாக நிற்பான். இந்தக் காயம் பட்டவர் சொந்தக் குழந்தையைத் தூக்கவே தயங்கலாம். பதக்கத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடலாம்.

வீட்டார் சறுக்குவது இரண்டாவதில்தான். ‘கடமையைத்தானே செஞ்சீங்க’ என்று ஆறுதல் சொல்வார்கள். அதை அவர் தனக்குத்தானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருப்பார். மறுபடி சொன்னால், ‘இதுக்கு மேல பேசாதீங்க’ என்றே அவர் காதில் விழும். ‘கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க’ என்பது போதும். எதிரெதிரே உட்கார வேண்டாம். நடந்துகொண்டோ மொச்சை உரித்துக்கொண்டோ பக்கத்தில் இருங்கள். நடுவில் மௌனமானால் ஒரு நிமிடமோ இரண்டோ அப்படியே விடுங்கள். முகம் சுளித்தால் அதோடு நிறுத்திவிடுவார். உங்களால் தாங்க முடியாவிட்டால், ‘மிச்சத்தை நாளைக் காலை நடக்கும்போது பேசலாம்’ என்று சொல்லுங்கள். மறுநாள் காலை நீங்களே போய்க் கூப்பிடுங்கள்.

தூக்கத்தில் அலறினால் தோளைத் தொடாதீர்கள், அடி விழும். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ராணுவக் கேன்டீனில் வாங்கிய மது தூக்கம் தருவதுபோல இருக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். அதோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். வங்கிக் காவல் வேலைக்கென்று துப்பாக்கி வைத்திருந்தால், அது வீட்டில் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு வந்தால், அச்சத்துக்கென்று நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை இருக்கிறது: 90 நிமிட அமர்வுகள், 8 முதல் 15 வரை. கொன்ற பாரம் அதில் முழுதாகக் கரையாமல் போகலாம். சான் பிரான்சிஸ்கோவில் உளவியலாளர் ஷிரா மாகுவன் குழுவினர் அதற்கென்றே ஒரு சிகிச்சையை வகுத்தார்கள். கொல்லப்பட்டவருக்கே கடிதம் எழுதுவதும், பரிகாரமாக இனி என்ன செய்யலாம் என்று திட்டமிடுவதும் அதில் உண்டு. சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாமல் வீட்டில் இதை எழுதச் சொல்லாதீர்கள்.

‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்றாலோ, பொருள்களைத் திடீரென்று பிரித்துக் கொடுத்தாலோ, ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.