தடுப்பணைக்கு முன்னால் மேட்டைப் பாருங்கள்

சேர்வராயன் மலையடிவாரத்து மானாவாரி ஊர்களில் தண்ணீர்ப் பேச்சு எடுத்தாலே ஓடையில் ஒரு தடுப்பணை வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அது கடைசி வேலை. மேட்டில் மண்ணைப் பிடிக்காமல் கீழே அணை கட்டினால் சீக்கிரமே வண்டல் நிரம்பித் தூர்ந்துவிடும். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர், அதை விழுந்த நிலத்திலேயே முடிந்தவரை நிறுத்தப் பாருங்கள்.

நல்ல மழை விட்டதும் ஆடு மேய்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடைவரை நடந்து பாருங்கள், எந்த வாரியில், அதாவது மழைத்தண்ணீர் இறங்கி ஓடும் பள்ளத்தில், தண்ணீர் செம்மண்ணாக ஓடுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மட்டம் பார்க்க சர்வேயர் வேண்டாம். ஒரே நீளத்தில் ரெண்டு மூங்கிலை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடுப்புள்ளிதான் சரிமட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கிற மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்து நடந்து, அந்தத் தடத்தில் வரப்பு போடுங்கள். மிச்சத் தண்ணீர் வெளியேறக் கல் வடிகாலும் விடுங்கள், இல்லாவிட்டால் முதல் பெருமழையில் வரப்பு உடையும். உழவும் சரிவுக்குக் குறுக்கேதான்.

அப்புறம் வாரிகளில் கல் அடுக்குங்கள். நடுப்பகுதி தாழ்வாகவும் ரெண்டு ஓரமும் உயரமாகக் கரைக்குள் புதைந்தும் இருக்கட்டும், சமமாக அடுக்கினால் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போகும்.

நம் பக்கம் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான், அதனால் வற்றிய கிணற்றுக்குள்ளும் மழைநீரை விடலாம். ஆனால் கல், ஜல்லி, மணல் போட்ட வடிகட்டும் குழி வழியாகத்தான் விட வேண்டும். மருந்தடித்த காட்டுத் தண்ணீரும் சாக்கடையும் கிணற்றுக்குப் போகவே கூடாது.

ஆடிப்பட்டத்துக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் ஜனவரி 26 கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு, யார் எந்த வாரியைத் தூர் வாருவது என்றும் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை நாலைந்து கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து ஊர்ச்சாவடியில் எழுதிப் போடுங்கள். புது போர் போடுவதற்கு ஊர்க் கட்டுப்பாடு பேச உட்கார்ந்தால் அந்தக் கணக்கைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.