கார்ப்பெட்டுக்கு அடியில் பலகைத் தளமா? மீட்டெடுக்கும் முறை

பழைய மாடிவீட்டில் கார்ப்பெட்டின் மேல் நடக்கும்போது பலகை கிறீச்சிட்டால், ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தேக்கு, முதிரை அல்லது சாவண்டலை கிடக்கலாம். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்தச் சாவண்டலை முன்பு 'திருகோணமலை மரம்' என்ற பெயரில்தான் விலைபோனது. சென்னைக் கரையில், அலையைத் தாண்டிக் கரைசேரும் மசூலாப் படகு கட்டவும் வாங்கினார்கள். அப்படிப்பட்ட மரத்தை மூடி வைப்பானேன்?

இலங்கையின் வடக்கு கிழக்கில் வேலையை மே முதல் செப்டெம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாடை மழைக்காலத்தில் பலகை ஈரத்தில் ஊதிக் கிடக்கும், வார்னிஷும் காயாது.

மாஸ்க் போட்டுக்கொண்டு, கார்ப்பெட்டை இரண்டடிப் பட்டிகளாக வெட்டிச் சுருட்டுங்கள். ஓர ஆணிப்பட்டிகளை நெம்பி எடுத்து, மிஞ்சும் ஸ்டேப்பிள் கம்பிகளைக் குறட்டால் பிடுங்குங்கள். அடியில் கறுப்புப் பசையோ பழைய வைனல் ஓடோ இருந்தால் சுரண்ட வேண்டாம், அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம், உலரத் தேய்க்கக் கூடாது.

சுவரோரப் பலகைகளை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று இறங்கினால் கறையான் அல்லது உளுப்பு. முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள், பொலிஷ் பிறகு.

இப்போதுதான் முக்கியமான கட்டம். எல்லோரும் சாண்டிங் மெஷினை வாடகைக்கு எடுக்க ஓடுவார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி ஆயுதம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பலகையின் கனம் குறைகிறது, போனது போனதுதான். தளத்தைப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பழைய பூச்சு உயிரோடிருக்கிறது. லேசாகத் தேய்த்து மேல்பூச்சு கொடுத்தாலே போதும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தடவிப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அதன்மேல் பொலியூரித்தேன் சரியாக ஒட்டாது; அரக்கையே மறுபடி பூசலாம்.

தண்ணீர் உறிஞ்சப்பட்டு, பலகையும் கீறலாகக் கிடந்தால் மட்டும் மெஷின். ஆணித் தலைகளை 3 மில்லிமீற்றர் உள்ளே அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெஷினின் தேய்ப்புத்தாள் கிழியும். தாளை 40, 80, 120 எண் என்று கரடிலிருந்து நைசுக்குப் போகும் வரிசையில் மாற்றி, மரநாரின் போக்கிலேயே தேயுங்கள். மெஷின் ஓடும்போது ஒரே இடத்தில் நிற்க வேண்டாம், குழி விழுந்துவிடும். உத்தரத்தின் மேல் நேரே அடித்த பலகையென்றால் இடுக்கு வழியே தூசி கீழறையில் கொட்டும். அங்குள்ள கட்டிலையும் அலுமாரியையும் மூடிவிடுங்கள்.

தூசியை வேக்குவமால் இழுத்து, கச்சான் காற்று அடங்கிய அதிகாலையில் முதல் பூச்சைக் கொடுங்கள். எண்ணெய் வகைப் பொலியூரித்தேனுக்கு ஒரு நாள் காயவிட்டு, 220 எண் தாளால் தடவி அடுத்த பூச்சு. இரண்டு மூன்று பூச்சு போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் சிகரெட்டும் கிட்ட வரக்கூடாது. பொலியூரித்தேனுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசினால், பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.