பினாங்கு வெயிலில் ஆர்கானிக் ஒயின்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியக் குன்றுப் பகுதி ஒன்றில் ஒரே குடும்பம் தலைமுறைகளாக நடத்திவரும் இயற்கை விவசாயத் திராட்சைத் தோட்டத்தின் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றை, சென்ற தீபாவளிக்கு ஏழு மாதம் முன்பே வாங்கி, ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் நிற்க வைத்திருந்தேன். விருந்தன்று கழுத்துத் தாளைக் கிழித்தபோது தக்கை சற்றே மேலெழும்பி, அதன் விளிம்பைச் சுற்றிப் பிசுபிசுப்பான சிவப்பு வளையம் படிந்திருந்தது. குடித்துப் பார்த்தால் அடுப்பில் வற்றக் காய்ச்சிய உலர்திராட்சைத் தண்ணீர் போல இருந்தது. "மருந்து போடாத ஒயின், அதுதான் கெட்டுப்போச்சு" என்றார் மைத்துனர். நானும் தலையாட்டினேன். உண்மையில் தோட்டக்காரர் மீது பழியே இல்லை, கெடுத்தது நான்.

ஆனாலும் மைத்துனர் சொன்னது பலரும் நம்பும் ஒன்று. ஆர்கானிக் என்ற முத்திரை இருந்தால் எந்த மருந்தும் தெளிக்கப்படவில்லை, எந்தப் பாதுகாப்புப் பொருளும் சேர்க்கப்படவில்லை என்று எண்ணுகிறோம். ஈரமான ஆண்டுகளில் திராட்சைக் கொடியை அடிச்சாம்பல் நோய் பிடித்தால் இலைகள் காய்ந்து உதிர்ந்துவிடும். அதைத் தடுக்கச் செம்பு கலந்த மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யும் போர்டோ கலவையை இயற்கை விவசாயிகளும் தெளிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வரம்பு மட்டுமே வைத்திருக்கிறது: ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு. ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட்டும் அப்படித்தான். 2012 முதல் அங்கே நடப்பிலுள்ள விதியின்படி, இனிப்பில்லாத ஆர்கானிக் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரையும் வெள்ளை ஒயினில் 150 வரையும் சல்பைட் இருக்கலாம். சாதாரண ஒயினுக்கு இவ்வரம்பு முறையே 150, 200. அமெரிக்காவில் ஆர்கானிக் ஒயின் என்று எழுத வேண்டுமானால் சல்பைட்டைச் சேர்க்கவே கூடாது; ஆர்கானிக் திராட்சையில் செய்தது என்று எழுதினால் ஓரளவு சேர்க்கலாம். ஆகவே முத்திரையைப் பார்ப்பதோடு எந்த நாட்டு முத்திரை என்பதையும் பார்க்க வேண்டும். ஈஸ்ட் தானாகவே சிறிதளவு சல்பைட்டை உண்டாக்கும் என்பதால், அது அறவே இல்லாத ஒயினைக் காண்பது அரிது; சல்பைட் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் ஆர்கானிக் என்ற சொல்லை நம்பிக் கவனக்குறைவாக இருக்கலாகாது. சிவப்பு ஒயின் குடித்தால் வரும் தலைவலிக்குச் சல்பைட்டைக் குறை சொல்வோர், வெள்ளை ஒயினுக்குத்தான் வரம்பு கூடுதல் என்பதைக் கவனிப்பதில்லை. ஆர்கானிக் என்பதால் தலைவலி தரும் மதுச்சாரம் குறைவதுமில்லை: 13 விழுக்காடு மதுச்சாரம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாலும் 13 விழுக்காடுதான்.

நல்ல புட்டியைக் கெட்டதென்று எண்ணிக் கொட்டுவது இன்னொரு தவறு. மரபு முறையில் செய்வோர் பலர் ஒயினை இறுக வடிகட்டுவதில்லை. எனவே லேசான கலங்கலும் அடிமண்டியும் இருக்கும். தக்கையின் அடியில் கண்ணாடித் துகள் போல மின்னும் படிகங்களைப் பார்த்துப் புட்டி உடைந்துவிட்டதென்று பயப்படுவோர் உண்டு. நம் புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலமே திராட்சையிலும் இருக்கிறது. குளிர் பட்டால் அதன் உப்பு படிகமாகிறது, அவ்வளவே. ஜார்ஜியா நாட்டில் வெள்ளைத் திராட்சைச் சாற்றைத் தோல், விதையோடு மண்ணில் புதைத்த குவெவ்ரி என்னும் பெரிய மண்தாழிகளில் ஐந்தாறு மாதம் ஊறவிடுவார்கள். 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அம்முறையில் செய்த ஒயின் தேன் நிறத்தில், கட்டன் தேநீரின் துவர்ப்போடு இருக்கும். வெள்ளை ஒயின் மஞ்சளித்துவிட்டது என்று அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் சிரிப்பார்.

இனி வெயிலுக்கு வருவோம். தென்னம்பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் புகுந்து பதநீர் கள்ளாகிறது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடுவதைப் பழைய தோட்டப்புறத்துப் பெரியவர்கள் அறிவார்கள். குடும்பத் தோட்டங்கள் பலவும் கடையில் வாங்கிய ஈஸ்டைச் சேர்க்காமல் இதே போலத் திராட்சையிலும் பட்டறையிலும் உள்ள ஈஸ்டையே நம்புகின்றன. சல்பைட்டையும் குறைத்து, வடிகட்டாமலும் அடைத்த ஒயினில் நுண்ணுயிர்கள் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எழுப்பச் சூடு போதும். 12 முதல் 14 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய புட்டி, பிற்பகலில் 32 பாகையைத் தொடும் நம் வீடுகளில் மாதக்கணக்கில் நின்றால் விரைவில் மூப்படைகிறது. உள்ளிருக்கும் திரவம் விரிந்து தக்கையைத் தள்ள, அந்த இடுக்கில் காற்று புகுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதியோ வீட்டின் மற்ற இடங்களைவிட வெப்பமானது, ஓயாமல் அதிர்வது. அதைவிட மோசமான இடம் வெயிலில் நிற்கும் கார். லெபோ பசாரில் காய்கறி வாங்கிவிட்டு வருவதற்குள் பின்பெட்டியில் இருக்கும் ஒயின் வெந்துவிடும். ஒயினைக் கடைசியாக வாங்குங்கள், நேரே வீடு திரும்புங்கள். கடையிலேயே சன்னல் வெயில் படும் அடுக்கில் நின்ற புட்டியை எவ்வளவு கழிவு கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற விதியையும் அப்படியே பின்பற்றாதீர்கள். அது குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 பாகை. இங்கே பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்கூட்டியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால்தான் அந்த நிலைக்கு அருகில் வரும். திறந்த புட்டியை மூடி உள்ளேயே வைத்து, இரண்டொரு நாளில் முடித்துவிட வேண்டும்.

வெளிநாட்டுத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே ஆறு புட்டிகளை வாங்கிப் பெட்டியில் அடைத்து வருவோருக்கு ஒரு சொல்: மலேசியாவுக்குள் வரியின்றிக் கொண்டுவரக்கூடியது ஒரு லிட்டர்தான், அதாவது 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றே ஒன்று.

இந்தத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்புதான் வாங்கினேன். புட்டி இப்போது குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே படுத்திருக்கிறது.