அனுப்புவது நீங்கள், எழுதியது யார்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு நான் அனுப்பிய மூன்றாவது பேட்ச் (நிரல் மாற்றம்) என்னுடையது இல்லை. டிரைவரில் இருந்த பிழையைப் பிடித்துத் திருத்தியவள் என்னோடு வேலை பார்த்த ஜூனியர். அவள் கொடுத்த டிஃப்பை (மாறிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பு) என் மெஷினில் ஏற்றி, நானே கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டு அனுப்பிவிட்டேன். லினஸ் டோர்வால்ட்ஸின் மரம் (கெர்னலின் முதன்மைக் களஞ்சியம்) வரை போன பிறகுதான் ஆத்தர் இடத்தில் என் பெயர் இருப்பதைப் பார்த்தேன். அங்கே போன கமிட்டை யாரும் திருத்துவதில்லை. அவளுடைய முதல் பேட்ச் இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது. உங்களுக்கு இது நடக்கக் கூடாது.

மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், எழுதியவர் ஆத்தர், மரத்தில் சேர்ப்பவர் கமிட்டர். மெயிலில் வரும் பேட்சை, அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் 'கிட் ஏஎம்' கட்டளை கொண்டு சேர்ப்பார். மெயில் உள்ளடக்கத்தின் முதல் வரியில் 'ஃப்ரம்:' என்று ஒரு பெயர் இருந்தால் அவர்தான் ஆத்தர். இல்லையென்றால் மெயிலை அனுப்பியவரே ஆத்தர் ஆகிவிடுவார். எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அதனால் வெறும் டிஃப் வாங்காதீர்கள். 'கிட் ஃபார்மட்-பேட்ச்' கட்டளை போட்டு எடுத்த கோப்பைக் கேளுங்கள். அதை 'கிட் ஏஎம்' கொடுத்து ஏற்றினால் பெயரும் தேதியும் அப்படியே வரும். டிஃப் மட்டும்தான் கிடைத்தது என்றால், கமிட் போடும்போதே 'ஆத்தர்' ஆப்ஷனில் அவர் பெயரையும் முகவரியையும் கொடுங்கள். அப்புறம் 'கிட் சென்ட்-ஈமெயில்' போதும்: ஆத்தரும் அனுப்புபவரும் வேறு என்று தெரிந்தால் அந்த ஃப்ரம் வரியை அதுவே சேர்த்துவிடும். ஜிமெயில் பெட்டியில் ஒட்டி அனுப்பினால் அந்த வரி வராது, டேப்களும் கெட்டுப்போகும்.

ஆபீஸ் முகவரியில் எழுதி, சொந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்களா? கிட் அமைப்பில் 'யூசர் ஈமெயில்' ஆபீஸ் முகவரியாகவும், 'சென்ட்ஈமெயில் ஃப்ரம்' சொந்த முகவரியாகவும் இருக்கட்டும். அதே வழியில் சரியாகப் போகும்.

பேட்ச் விளக்கத்தின் கடைசியில் வரும் சைன்டு-ஆஃப்-பை வரி வேறு விஷயம். 2004இல் கெர்னலில் வந்த வழக்கம் அது. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. ஆத்தருடைய வரி முதலில், அனுப்பும் உங்கள் வரி கடைசியில். அவரைக் கேட்காமல் அவர் வரியை நீங்கள் போடாதீர்கள். இருவரும் சேர்ந்து எழுதியிருந்தால், ஆத்தராகப் பதியாதவருக்குக் கோ-டெவலப்டு-பை வரி, அதை ஒட்டியே அவருடைய சைன்டு-ஆஃப்-பை.

அனுப்பும் முன் பேட்சை உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். வந்த மெயிலைச் சேமித்து, புதுக் கிளையில் 'கிட் ஏஎம்' போட்டு, 'கிட் லாக்'கில் ஆத்தர் வரியைப் படியுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பேட்சுக்கும் இதைச் செய்கிறேன்.