நெடுநாள் நின்ற பிக்கப் வண்டியை ஓட்டத்துக்குக் கொண்டுவருதல்

கவனிப்பாரற்றுக் கிடந்த பிக்கப் வண்டியை முதன்முதலாக வாங்கியவர், பெயின்டுக்குச் செலவிடும் முன் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தை, பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து அடியில் படுத்து, சேசிஸை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்தும்போது முனை உள்ளே இறங்கினால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது என்று பொருள். லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) பொருந்தும் இடங்களில்தான் சேறு தங்கி இரும்பை அரிக்கும்.

எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழைய எரிபொருளை வடித்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சினின் சுழல்தண்டு முனையில் உள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றி, தடையின்றிச் சுழன்ற பிறகே பேட்டரியை இணைக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் அதையும், வெடிப்பு விட்ட ஹோஸ்களையும் (ரப்பர் குழாய்கள்) மாற்றிவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண் வம்பு. டயரின் பக்கவாட்டில் 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அவ்வளவு பழைய டயரில் பட்டன் (மேற்பரப்பின் பள்ள மேடுகள்) தேயாமல் இருந்தாலும் அதை நம்பி ஓட்ட வேண்டாம்.