பெட்ரோல் லோடு வண்டியில் பர்ஜ் வால்வு மாற்றும் முறை

டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்த வேலையே கிடையாது. டீசல் லேசில் ஆவியாகாது, அதனால் டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடுகிற பர்ஜ் வால்வும் அதற்கு இல்லை. பெட்ரோல் குட்டியானை, பெட்ரோல் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். களக்காட்டில் ஏத்தன் வாழைத்தார் வெட்டுகிற நேரத்தில் வண்டி ஒரு நாள் நின்றாலும் நமக்கு நஷ்டம்தான். கையடக்கமான ஒரு வால்வுக்காக லோடை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

வால்வு கெட்டதற்கு நல்ல அடையாளம் பெட்ரோல் பங்கில்தான் தெரியும். பெட்ரோல் போட்டுவிட்டு உடனே செல்ஃப் அடித்தால் எடுக்காது. ரேஸை மிதித்துக்கொண்டே அடித்தால் இழுத்து இழுத்து எடுக்கும். ஐட்லிங்கில் ஆடும், சில சமயம் அணைந்தும் போகும். பெட்ரோல் வாடை வரலாம். செக் இன்ஜின் லைட் எரியும். கோளாறு எண்ணைக் காட்டும் ஸ்கேனரைப் போட்டால் பெரும்பாலும் பி0441 அல்லது பி0496 வரும். பி0443, பி0444, பி0445 என்று வந்தால் கோளாறு கரண்ட் பக்கம்: வால்வுக்குள் இருக்கும் காயிலோ, வயரைச் செருகும் கப்ளரோ, வயரோ.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எல்லாம் எளிது. வெயிலில் டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் கரி நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைக்கிறது. அதுதான் கேனிஸ்டர். இன்ஜின் ஓடும்போது இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிற நேரத்தில் மட்டும் பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் விடும். கரண்ட் வராதபோது அது மூடியே இருக்க வேண்டும். மூடாமல் மாட்டிக்கொண்டால், கணக்கில் இல்லாத ஆவி எந்நேரமும் இன்ஜினுக்குள் போகும். பெட்ரோல் போடும்போது கேனிஸ்டரில் ஆவி நிறைந்துவிடுவதால்தான் பங்கிலேயே வண்டி படுத்துகிறது. அந்த நேரத்தில் ரேஸை மிதித்தால் காற்று கூடுதலாகப் போய்க் கலவை சரியாகி வண்டி எடுத்துவிடுகிறது.

ஸ்பேர் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் சோதித்துவிடுங்கள். களக்காட்டிலிருந்து திருநெல்வேலி போய்வர அரை நாள் போய்விடும், பார்ட்டும் சும்மா வராது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் கூடாது. சின்ன லோடு வண்டிகள் பலவற்றில் இன்ஜின் சீட்டுக்குக் கீழே இருக்கும். சீட்டைத் தூக்கினால் மேனிஃபோல்டு தெரியும். அதிலிருந்து கிளம்பும் ஒல்லியான ஓஸைக் கண்ணால் தொடர்ந்து போனால், இரண்டு பின் கப்ளர் மாட்டிய சிறு பிளாஸ்டிக் உருளையில் போய் நிற்கும். வால்வு அதுதான். முதலில் ஓஸ்களைத் தடவிப் பாருங்கள். தார் ஏற்றும் ஷெட்டில் நிற்கிற வண்டியில் எலி கடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெடித்த ஓஸுக்கு வால்வை மாற்றி என்ன பயன்?

ஓஸ் நன்றாக இருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். கேனிஸ்டர் பக்க ஓஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இழுவையே இருக்கக்கூடாது. விரலைப் பிடித்து இழுத்தால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். விரலால் அடைத்ததும் ஐட்லிங் சீரானால் சந்தேகமே வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இன்ஜின் சூடான பிறகு வால்வு டிக் டிக் என்று அடிப்பது அதன் வேலை. அந்தச் சத்தத்தைக் கேட்டே வால்வு போச்சு என்று சொல்பவர்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் கப்ளரைக் கழற்றி வால்வின் இரண்டு பின்னிலும் வைத்து ஓம் பாருங்கள். பெரும்பாலான வால்வுகள் 20 முதல் 30 ஓமுக்குள் காட்டும். ரீடிங்கே வராவிட்டால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது.

பழைய வால்வில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கப்ளரோ ஓஸ் வாயின் அளவோ மாறிவிடும். விலை குறைவு என்று பெயரில்லாத வால்வை வாங்குவதை நான் விரும்புவதில்லை. மூடும்போது கசியாமல் மூடுவதுதான் இந்தப் பொருளின் மொத்த வேலையே.

கழற்றுவது கஷ்டமில்லை. இன்ஜின் ஆறியதும் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். எந்த ஓஸ் எந்தப் பக்கம் என்று இன்னொரு போட்டோ எடுங்கள். கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளிப்பைப் பிளயரால் நகர்த்தி, ஓஸை முதலில் திருகி இளக்கி, அப்புறம் இழுங்கள். நம்மூர் வெயிலில் ரப்பர் இறுகிப் போயிருக்கும். வராவிட்டால் ஓஸின் நுனியைக் கத்தியால் கீறி எடுங்கள். பலத்தைக் காட்டினால் மேனிஃபோல்டின் பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்துவிடும், அது பெரிய செலவு. வால்வு பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். சிலவற்றில் 10 நம்பர் போல்டு இருக்கும்.

புதியதை மாட்டுவதற்கு முன் பழைய வால்வை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். இதைப் பல பேர் செய்வதில்லை. கறுப்பாகக் கரித்தூளோ குருணையோ விழுந்தால் கேனிஸ்டர் உள்ளே உடைந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் அதே கரி புதிய வால்விலும் போய் அடைக்கும். கேனிஸ்டரையும் மாற்றி, இடையில் உள்ள குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்தபின்தான் புதியதை மாட்ட வேண்டும். துணி சுத்தமாக இருந்தால் வால்வு மட்டும் போதும்.

மாட்டும்போது வால்வில் உள்ள அம்புக்குறி மேனிஃபோல்டு பக்கம் பார்க்க வேண்டும். ஓஸ் முழுதாக ஏறிய பிறகு கிளிப்பை நகர்த்துங்கள், கப்ளர் சொடக்கென்று உட்காரட்டும். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து மறுபடியும் விரல் சோதனை செய்யுங்கள்: இழுவை இருக்காது. ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, களக்காட்டிலிருந்து நாங்குநேரி வரை ஒரு நடை ஓட்டி, அங்கே பெட்ரோல் போட்டு உடனே செல்ஃப் அடித்துப் பாருங்கள். தொட்டதும் எடுக்க வேண்டும்.

பங்கில் பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக நின்ற பிறகு, “ஆயிரத்துக்கு ரவுண்டா போட்டுரட்டா அண்ணாச்சி?” என்று தம்பி கேட்பான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் போய்க் கரியைக் கெடுக்கும். ஃபுல் டேங்க் போடுகிறவர்கள் சில்லறையைப் பார்க்காமல், துப்பாக்கி முதலில் தானாக நின்றபோது காட்டிய தொகையையே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.